பச்சைக்கொடி காட்டும் கையும், சிவப்புக்கொடி சுமக்கும் கையும்

பச்சைக்கொடி காட்டுவதென்றால் பாராள்வோருக்கு எத்துணைப் பரவசம்! 2022 நவம்பர் 11-ஆம் நாள், சென்னை–மைசூர் வந்தே பாரத் வண்டிக்குப் பெங்களூரில் பிரதமர் பச்சைக்கொடி காட்டினார். 2023 ஏப்ரல் 8-ஆம் நாள், சென்னை–கோவை வண்டிக்குக் கொடி காட்டச் சென்னைக்கே வந்தார். மாலைகள் என்ன, மேளதாளம் என்ன, படம் பிடிப்போர் கூட்டம் என்ன! வண்டியைக் குறைகூற மாட்டோம் நாம். நல்ல வண்டிதான். பெரம்பூரில் நம் தொழிலாளரின் கைபட்டு உருவான வண்டி; அந்தப் பெருமையில் பங்கு நமக்கும் உண்டு.

ஆனால் தோழர்களே, அந்த வண்டி ஆகாயத்தில் பறக்கவில்லை, தண்டவாளத்தின்மீதுதான் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தின் ஓரமாக, நாள்தோறும் ஒருவர் நடந்து போகிறார். தோளிலே சுத்தியல், கையிலே ஸ்பானர், பையிலே எச்சரிக்கை வெடி, அதனுடன் சுருட்டி வைத்த சிவப்புக்கொடி. கீமேன் என்பார்கள் அவரை. தமக்கென்று ஒதுக்கப்பட்ட எல்லை முழுவதையும் கால்நடையாகவே கண்டு, கழன்ற கிளிப்பைத் தட்டி ஏற்றி, விரிசல் தென்பட்டால் வண்டியை நிறுத்த வேண்டியவர். அவரைப் படம் பிடிக்க எவரும் வருவதில்லை. பச்சைக்கொடி காட்டும் கை ஏட்டின் முதல் பக்கத்திலே! சிவப்புக்கொடி சுமக்கும் கையோ, விபத்து நடந்த பிறகு வேலைநீக்க உத்தரவிலே!

மேடைக்காகச் சொல்லும் பேச்சன்று இது. 2017-இல் கத்தௌலியிலும், 2024-இல் கோண்டாவிலும் நடந்தவை நம்மிடம் சான்றாக இருக்கின்றன. அவற்றிடம் போவதற்கு முன், அந்த இரும்பின் இயல்பைச் சற்றே தெரிந்துகொள்வோம். தெரிந்துகொள்ளாவிட்டால், "வெயில் செய்த வினை" என்று அவர்கள் சொல்லும்போது நாமும் தலையாட்டி விடுவோம்.

நம் பாட்டன் காலத்து இரயிலுக்கு ஓர் ஓசை உண்டு. தடக்–தடக், தடக்–தடக் என்று தாளம் தவறாமல் கேட்கும். 13 மீட்டருக்கு ஒரு துண்டாகத் தண்டவாளத்தை வைத்து, துண்டுக்கும் துண்டுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, பக்கப் பட்டையும் போல்ட்டும் போட்டு முடுக்கியிருந்தார்கள். கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் மட்டும் எழுபத்தேழு இணைப்பு. சக்கரம் ஒவ்வோர் இணைப்பிலும் மோதும். அந்த மோதல்தான் தாளம். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் இணைப்பு தேயும், போல்ட் தளரும், கட்டைக்கு அடியில் ஜல்லி நொறுங்கும். ஆகவே துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து ஒரே நீளத் தண்டவாளமாக்கினார்கள். இன்று பிலாயில் 130 மீட்டர் நீளத்துக்கு ஒரே தண்டவாளம் உருட்டப்படுகிறது; இரண்டைப் பற்றவைத்து 260 மீட்டராக அனுப்புகிறார்கள். பாதையில் கொண்டுவந்து போட்ட பிறகு, அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்த கலவையைக் கொளுத்தி, இரண்டாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகி வழியும் எஃகை இடைவெளியில் ஊற்றி ஒட்டுகிறார்கள். ஜெர்மானியராகிய கோல்ட்ஷ்மிட் கண்ட முறை அது. 1899-இலேயே எஸ்ஸன் நகரத்து டிராம் பாதையில் செய்து பார்த்தது. தாளம் நின்றது. பயணம் சுகமாயிற்று. வேகம் கூடிற்று.

இங்கேதான் எழுகிறது வினா. வெயிலில் இரும்பு விரியுமே! இடைவெளியை எடுத்துவிட்டால், விரிவது எங்கே போகும்?

எங்கும் போகாது; உள்ளேயே அடங்கி நிற்கும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொல்லர் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் ஏற்றி, தண்ணீரை ஊற்றுவார். பட்டை சுருங்கத் துடிக்கும்; சக்கரம் விடாது. சுருங்க முடியாத அந்தத் துடிப்பே பிடிப்பாகிறது. பற்றவைத்த தண்டவாளத்தின் கதையும் அதுவே. ஆனால் இங்கே அடக்கப்படுவது சுருக்கம் மட்டுமன்று, விரிவும்கூட. ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் ஒரு டிகிரி சூடேறினால் பதினொன்றரை மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். 40 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை அடி! நீள விடாமல் கட்டையும் கிளிப்பும் ஜல்லியும் பிடித்து நிறுத்துகின்றன. விரிவு அடங்கி விசையாகிறது. எவ்வளவு விசை? மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 1.9 டன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 டிகிரியில் தண்டவாளத்தைப் பொருத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலூரில் வெயில் 42 என்றால், நேர்வெயிலில் கிடக்கும் தண்டவாளம் அறுபதைத் தாண்டக்கூடும். 63 என்று கொண்டால், வேறுபாடு 18 டிகிரி. ஒரு தண்டவாளத்தில் 34 டன். இரண்டிலும் சேர்த்து 68 டன். ஆளில்லாத ஒரு பயணிகள் பெட்டியின் பாரத்தையும் மிஞ்சிய அமுக்கம், வண்டி எதுவும் வராதபோதே, அந்தப் பாதைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது! பார்ப்பவன் கண்ணுக்கு நேர்கோடு. உள்ளே சீறக் காத்திருக்கும் நாகம்.

அந்த நாகத்தை அடக்கி வைத்திருப்பது எது? கருங்கல் ஜல்லி! கிலோமீட்டருக்கு 1660 கான்கிரீட் கட்டைகள். கட்டைக்குக் கட்டை நிரம்பிய ஜல்லி. கட்டையின் இரு முனைக்கும் வெளியே தோள்போலக் குவித்த ஜல்லி. அந்தத் தோள் சரிந்தால் கட்டை பக்கவாட்டில் நகரும். கட்டை நகர்ந்தால் பாதை நெளியும். அடுத்த வண்டி சாயும்.

'மன அழுத்தம்' என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்களே, அதுபோல் தண்டவாளத்துக்கும் அழுத்தம் நீக்கும் சிகிச்சை உண்டு. கிளிப்புகளை எல்லாம் கழற்றி, தண்டவாளத்தைத் தூக்கி உருளைகளின்மீது கிடத்தி, மரச் சம்மட்டியால் தட்டி, அது விரும்பிய நீளத்துக்கு நீளவிட்டு, உரிய வெப்பத்தில் மீண்டும் பூட்ட வேண்டும். நம் நாட்டு விதிப்படி, அந்த இடத்தின் உச்சச் சூட்டுக்கும் தாழ்ந்த குளிருக்கும் நடுப்புள்ளி எதுவோ, அதற்கு மேல் ஐந்து முதல் பத்து டிகிரியில் பூட்ட வேண்டும் இந்த ரகத் தண்டவாளத்தை. இரும்பு குளிர்ந்திருந்தால், இழுவைக் கருவி வைத்து இழுத்துப் பூட்டுவார்கள். பூட்டிய வெப்பத்துக்கு மேல் 10 டிகிரி ஏறிவிட்டால் பாதையைக் கிளறும் வேலை கூடாது. 20 டிகிரி ஏறினால் வெயில் ரோந்து போக வேண்டும். ஜல்லியைச் சலித்தாலோ இடித்தாலோ அதன் பிடி தளர்ந்து விடும். மறுபடி இறுகும்வரை வண்டிகள் மெல்லப் போக வேண்டும். குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு. விடியற்காலையில் தண்டவாளம் சுருங்கத் துடிக்கும். பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றிருந்தால் போதும், படீரென்று விடும். அதற்கென்று ஓர் இரவு ரோந்து. வடநாட்டுப் பனியிலே, பத்தடிக்கு அப்பால் தெரியாத இருட்டிலே, கைவிளக்கோடு நடக்கிறார்கள் நம் தோழர்கள்.

இவ்வளவுக்கும் என்ன வேண்டும்? ஆள் வேண்டும். பொருள் வேண்டும். இவ்விரண்டைக் காட்டிலும் மேலாக, நேரம் வேண்டும்! வண்டிகளை நிறுத்தி, இரண்டு மணியோ மூன்று மணியோ பாதையைத் தொழிலாளியின் கையில் ஒப்படைத்தால்தான் வேலை நடக்கும். 'பிளாக்' என்று கேட்பார்கள். பாதைப் பிரிவு கேட்கும். வண்டி இயக்கும் பிரிவு கொடுக்க வேண்டும். கொடுத்தால் வண்டி தாமதம். தாமதமானால் மேலிடத்தில் வினா. கொடுக்காவிட்டால்? அதற்கு உடனே வினா எழாது. விபத்து வந்த பிறகுதான் எழும்.

2017 ஆகஸ்ட் 19. உத்தரப் பிரதேசத்தில், முசாபர்நகரை அடுத்த கத்தௌலி. பூரியிலிருந்து ஹரித்வார் போகும் உத்கல் எக்ஸ்பிரஸ் 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வருகிறது. முன்னே பாதையில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. தண்டவாளம் முழுமையாகப் பூட்டப்படவில்லை. வண்டியோட்டிக்குத் தகவல் இல்லை. பெட்டி பெட்டியின்மீது ஏறிற்று. ஒரு பெட்டி பக்கத்து வீட்டுச் சுவரையே இடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிளாக் கேட்டோம், கிடைக்கவில்லை என்று பாதைப் பிரிவு சொன்னதாக ஏடுகள் எழுதின. சிவப்புக்கொடியும் எச்சரிக்கை வெடியும் வைக்காமல் வேலை பார்த்தது விதிமீறல். அதை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால் கேட்ட நேரம் கிடைக்காதபோது, பழுதை அப்படியே விட்டுவிட்டுப் போனாலும் குற்றம், இரண்டு வண்டிகளுக்கு நடுவே திருட்டுத்தனமாகச் சரிசெய்தாலும் குற்றம் என்ற நிலையில் தொழிலாளியை நிறுத்தியவர் யார்?

முடிவு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? இரயில்வே வாரியத் தலைவர் விலகினார். அமைச்சர் சுரேஷ் பிரபு விலக முன்வந்தார். பொறுத்திருக்கச் சொன்னார் பிரதமர். செப்டம்பர் 3-ஆம் நாள் அமைச்சருக்கு வணிகத் துறை கிடைத்தது! வேலைநீக்க உத்தரவு பெற்றவர்களோ, இளநிலைப் பொறியாளர் ஒருவர் உட்படப் பதின்மூன்று பேர். அவர்களில் பெரும்பாலோர் சம்மட்டி பிடிக்கும் சாமானியர்கள். 1956 நவம்பரில் அரியலூரை அடுத்த மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்ததே, அந்தத் துயரத்துக்குப் பொறுப்பேற்று லால்பகதூர் சாஸ்திரி பதவியையே துறந்தார். அவருக்குத் துணையமைச்சராயிருந்த அழகேசனை எதிர்த்து நம் இயக்கம் எழுப்பிய முழக்கம் இன்றும் முதிய தோழர்களின் நாவில் இருக்கிறது. அன்று விலகினார் அமைச்சர். 2017-இலோ இலாகா மாறினார் அமைச்சர்!

கோண்டாவுக்கு வருவோம். 2024 ஜூலை 18. சண்டிகரிலிருந்து திப்ருகர் போகும் வண்டி மோதிகஞ்சைத் தாண்டியதும் தடம் புரண்டது. நால்வர் மாண்டனர். அதிகாரிகள் சேர்ந்து எழுதிய கூட்டறிக்கை ஏடுகளில் வெளிவந்தது. தண்டவாளத்தின் பூட்டுச் சரியில்லை, விரிவைத் தாங்கும் நிலையில் அது இல்லை என்றது அறிக்கை. அதில் ஒருவர் ஒப்பவில்லை. வண்டியை ஓட்டிய முறைதான் தவறு என்றார். அந்த வழக்குக்குள் நாம் புக வேண்டியதில்லை. அறிக்கை தரும் நேரக் குறிப்பைப் பாருங்கள், போதும்! பழுது கண்டுபிடிக்கப்பட்டது பகல் 1.30 மணிக்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே வண்டி விடுக என்ற எச்சரிக்கை, மோதிகஞ்ச் நிலைய அதிகாரியின் கைக்கு வந்தது 2.30 மணிக்கு. வண்டி அந்த நிலையத்தைக் கடந்து போனது 2.28 மணிக்கு! ஒரு மணி நேரம் ஊர்ந்த காகிதம், இரண்டு நிமிடத்தில் தோற்றது. வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் பழுதின்மீது ஏறிற்று. பாதை பலவீனமாக இருக்கிறது என்று கீமேன் ஒருவர் மேலதிகாரியிடம் முன்பே எச்சரித்ததாக ஓர் ஒலிப்பதிவும் அப்போது உலவியது. அது மெய்யா பொய்யா என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். ஆனால் அந்தப் பதிவைக் கேட்ட எந்தத் தொழிலாளியும் வியப்படையவில்லை என்பதை நாம் அறிவோம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூனில், லக்னோவை அடுத்த நிகோஹான் நிலையத்தில் தண்டவாளம் நெளிந்தது. "வெயிலில் தண்டவாளம் உருகிற்று" என்று தலைப்புப் போட்டன ஏடுகள். உருகிற்றாம்! எஃகு உருக 1500 டிகிரி சூடு வேண்டும். லக்னோவில் அவ்வளவு வெயில் அடித்தால் ஏடு அச்சடிக்க ஆளிருந்திருக்க மாட்டார்! தண்டவாளம் உருகாது, தோழர்களே. பிடி தளர்ந்தால் நெளியும். 'உருகிற்று' என்றால் குற்றவாளி கதிரவன். 'நெளிந்தது' என்றால், பிடியை ஏன் தளர விட்டாய் என்ற கேள்வி வரும். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு துறையே தப்பித்துக்கொள்கிறது, பார்த்தீர்களா!

"விபத்து குறைந்துவிட்டதே" என்பார்கள் எதிர்முகாமினர். குறைந்தது உண்மைதான். பெரும் விபத்துகள் 2014–15-இல் 135, 2023–24-இல் 40. அரசு தரும் கணக்கு அது, நாம் மறுக்கவில்லை. குறைந்ததற்குக் காரணம் புதிய தண்டவாளமும், புதுப் பெட்டியும், ஆளில்லாக் கடவுப்பாதை ஒழிந்ததும், அவற்றோடு இந்தத் தொழிலாளியின் கால்களும்தான். ஆகவேதான் கேட்கிறோம்: பலன் தரும் வேலைக்குப் பணத்தை ஏன் குறைத்தீர்கள்?

2012-இல் அணுவிஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு, ஐந்தாண்டில் ஒரு இலட்சம் கோடி ரூபாய் பாதுகாப்புக்குச் செலவிடுக என்றது. 2007–08 தொடங்கி 2011 அக்டோபர் முடிய இரயில்வே ஊழியர் ஏறத்தாழ 1600 பேர் கடமையில் மாண்டதாக அதே குழு எடுத்துக்காட்டியது. அந்தக் காலத்தில் இரயில் விபத்துகளில் மாண்டோரின் தொகையைக் காட்டிலும் அது அதிகம்! 2017–18-இல் 'தேசிய இரயில் பாதுகாப்பு நிதி' என்ற பெயரில் ஒரு இலட்சம் கோடி அறிவித்தார்கள். இரயில்வேக்கு எனத் தனி வரவு செலவுத் திட்டம் என்ற மரபை ஒழித்ததும் அதே ஆண்டில்தான். அறிவிப்பு அழகு! நடப்பு என்ன? தலைமைத் தணிக்கையாளர் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை சொல்கிறது. முதல் நான்காண்டில் இரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து போட வேண்டியது 20,000 கோடி. போடாமல் விட்டது 15,775 கோடி. பாதை புதுப்பிப்புக்குச் செலவிட்டது 2018–19-இல் 9,607 கோடி. அடுத்த ஆண்டில் 7,417 கோடி. பாதையின் நிலையை அளந்து பதிவுசெய்யும் வண்டி ஓட வேண்டிய அளவில் 30 முதல் 100 விழுக்காடு வரை குறை. ஆராய்ந்த 1129 தடம்புரளல்களில், 422 பொறியியல் பிரிவின் கணக்கில். அதிலும் 171, பாதைப் பராமரிப்பால்.

அந்தப் பாதுகாப்பு நிதியில் என்னென்ன வாங்கினார்கள் என்பதையும் தணிக்கையாளர் எழுதியிருக்கிறார். பாத்திரம் பண்டம், நாற்காலி மேசை... அவற்றுடன், கால் பிடித்துவிடும் இயந்திரம்! ஆமாம், கால் பிடித்துவிடும் இயந்திரம்! நாள்தோறும் ஜல்லியின்மேல் நடந்து பாதம் வெடித்தவருக்கு என்று நினைத்து விடாதீர்கள்.

பணத்தின் கதை இது. ஆளின் கதையும் கேளுங்கள். 2023 ஜூனில், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இரயில்வே தந்த விடைப்படி, இரண்டே முக்கால் இலட்சத்தை ஒட்டிய இடங்கள் காலி. அவற்றுள் 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் பாதுகாப்போடு தொடர்புடையவை. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையை ஆறு பேர் செய்தால் என்னவாகும் என்பதைச் சம்மட்டி பிடித்தவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜல்லித் தோள் எந்த இடத்தில் சரிந்திருக்கிறது என்று தெரியும். அள்ளிப் போட ஆளிருக்காது.

மொழியைப் பற்றி ஒரு சொல். தென்னகத்தில் 2019 மே மாதம், திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே விடப்பட்டன, நல்லவேளையாக மோதவில்லை. அதற்குத் தெற்கு இரயில்வே கண்ட மருந்து என்ன தெரியுமா? நிலைய அதிகாரிகளும் கட்டுப்பாட்டு அறையும் வட்டார மொழியைத் தவிர்த்து ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசுக என்ற சுற்றறிக்கை! ஜூன் 14-இல் கழகம் எதிர்த்தது. அன்றே திரும்பப் பெற்றார்கள். ஆபத்து வேளையில் வாயில் முந்தி வருவது தாய்மொழி. "தண்டவாளம் நெளியுது, வண்டியை நிறுத்து" என்று கத்துகிறவன் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

நிறுத்து என்று சொல்லும் உரிமை விதிநூலில் இருக்கிறது. ஆபத்தைக் கண்டவர் சிவப்புக்கொடியை விரித்துப் பிடிக்கலாம், வெடியை வைக்கலாம், காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நிறுத்திய பிறகு பழுது சிறியதென்று தெரிந்தால், "வண்டியைத் தாமதப்படுத்தினாய்" என்ற விளக்கக் கடிதம் வரும் என்று அஞ்சுகிறவர் கை கொடியை நோக்கிப் போகுமா? அந்த அச்சத்தை நீக்க ஒரு கோடி ரூபாய்கூடத் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும். நல்லெண்ணத்தோடு வண்டியை நிறுத்திய எவர்மீதும் நடவடிக்கை இல்லை என்ற ஓர் உத்தரவு!

ஆகவே, நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து வினவட்டும். கோட்டம் கோட்டமாக, கடந்த கோடையில் பாதை வேலைக்குக் கேட்கப்பட்ட பிளாக் எத்தனை மணி நேரம், கொடுக்கப்பட்டது எத்தனை மணி நேரம்? அழுத்தம் நீக்க வேண்டிய காலம் கடந்தும் நீக்கப்படாத பாதை எத்தனை கிலோமீட்டர்? பாதைத் தொழிலாளர் இடங்களில் காலி எத்தனை? கொடுக்கப்படாத பிளாக்குக்குக் காரணம் எழுதி, மறுத்தவர் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டா? கையெழுத்திட வேண்டும் என்று வந்தால், மறுக்கும் கை சற்றே தயங்கும்.

அரக்கோணத்திலும், ஜோலார்பேட்டையிலும், விழுப்புரத்திலும், திருச்சியிலும் உள்ள பாதைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளாக் கேட்ட நாள், கேட்ட நேரம், கிடைத்தது அல்லது கிடைக்காதது — இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலே குறித்து வையுங்கள். மாசி பிறப்பதற்குள் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கையில் அது சேர வேண்டும். சித்திரை வெயில் தண்டவாளத்தில் ஏறுவதற்கு முன்பே வினா அவையில் ஏறட்டும்.